வாங்குறவங்க ரெடியா இருக்காங்க

நீங்க சாப்பிடுங்கம்மா, எழுந்திரிக்காதீங்க. இந்தப் படியில எனக்கும் இடம் இருக்கு, நான் ஒன்னும் அவ்வளவு குண்டு இல்ல. வாய்ல சோறு இருக்கும்போது பேச வேணாம், புரை ஏறிடும். நான் பேசறேன், நீங்க தலையாட்டுங்க, போதும். மூணாவது மாடி ஆபீஸ்தானே? கழுத்துல அட்டை தொங்குதே, அதைப் பாத்துத்தான் கேட்டேன். அக்கவுன்ட்ஸா? சரி, அக்கவுன்ட்ஸ்னே வச்சுக்குவோம்.

நான் காலைல ஒன்பதரைக்கே வந்துட்டேன். டோக்கன் குடுத்து உக்கார வச்சாங்க. நல்லா வச்சிருக்கீங்க ஆபீஸை. ஏசி, மீன் தொட்டி, சுவர் பூரா கடல், மலை, பல்லைக் காட்டற குடும்பம். அந்தப் போட்டோவுல சிரிக்கிற மாதிரி போய் சிரிச்சுட்டு வந்தவங்க யாராவது, எங்க விடுமுறை ரூமை வித்துக் குடுங்கப்பான்னு உங்க மாடி ஏறுவாங்களா, சொல்லுங்க.

எங்களுதா? மலை மேல ஒரு ரூம். ரூம்னா ரூமே இல்ல, ரூம்ல ஒரு வாரம். வருஷத்துல அம்பத்திரண்டு வாரம்னா அதுல ஒன்னு எங்களுது, மிச்சமெல்லாம் வேற வேற ஆளுங்களுது. பதினெட்டு வருஷம் முன்னாடி ஒரு ஹோட்டல்ல இலவச விருந்துன்னு கூப்பிட்டாங்க. சாப்பிட்டுட்டு நழுவிடலாம்னுதான் போனோம். சாப்பாடு போடறதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் பேசினான் ஒருத்தன். குடும்பத்து மேல பாசம் இருக்கறவங்க கை தூக்குங்கன்னான். பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்கும்போது எவன் தூக்காம இருப்பான்? எங்க வீட்டுக்காரர் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டோம்.

எங்களுக்குன்னு விழுந்தது அடைமழை வாரம். நாலு தடவை போனோம். நாலு தடவையும் ஜன்னல் வழியா பனிமூட்டத்தைப் பாத்துட்டு, சீட்டாடிட்டு, ஜலதோஷத்தோட வந்தோம். அப்புறம் போறதை விட்டுட்டோம். ஆனா போனாலும் போகாட்டியும் பராமரிப்புக் கட்டணம்னு வருஷா வருஷம் கட்டணும். எங்க காலத்துக்கு அப்புறம் எங்க பொண்ணு கட்டணுமாம், எழுதியே வச்சிருக்கு. பிள்ளைக்குச் சொத்து சேத்து வச்ச அப்பனைப் பாத்திருக்கேன். தண்டம் சேத்து வச்ச அப்பன் இவர் ஒருத்தர்தான்.

இத்தனைக்கும் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லம்மா. தணிக்கை அதிகாரி. முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க கணக்குல ஓட்டை கண்டுபிடிச்சே சம்பளம் வாங்கினவரு. அவர் வர்றாருன்னு தெரிஞ்சா பாதி ஆபீஸுக்குக் காய்ச்சல் வந்துடும்பாங்க. கடைக்காரன் பில்லைத் தப்பாக் கூட்டிட்டா, வெயில்ல மறுபடி நடந்து போய்த் திருத்தி வாங்கிட்டு வருவாரு. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி. அந்தப் பல்லிக்குத்தான் நான் முப்பத்தொன்பது வருஷமா சமைச்சுப் போடறேன்.

விக்கலாம்னு முடிவு பண்ணப்புறம்தான் தெரிஞ்சுது, வாங்கறவங்களை விட, வித்துத் தர்றோம்னு வர்ற கூட்டம்தான் ஜாஸ்தின்னு. முதல்ல ஒரு ஏஜென்சி, விளம்பரம் போடறோம்னு பணம் வாங்கிக்கிட்டான். எந்தப் பேப்பர்ல போட்டான்னு இன்னி வரைக்கும் தேடறோம். அடுத்தவன் வந்தான். அந்த முதல் ஆள் திருடன் சார், அவன்கிட்ட விட்டதை நாங்க மீட்டுத் தர்றோம், அதுக்குச் சின்னதா ஒரு கட்டணம்னான். அதையும் குடுத்தாரு. திருடனைப் பிடிக்க வந்தவன் செருப்பையும் தூக்கிட்டுப் போயிட்டான். இவங்களுக்கெல்லாம் எங்க நம்பரை யார் குடுக்கறாங்கன்னுதான் புரியல. நீங்க அக்கவுன்ட்ஸ், உங்களுக்குத் தெரியாது.

மூணாவதா உங்க கம்பெனி. நீங்க மத்தவங்க மாதிரி இல்ல. சார், வாங்குறவங்க ரெடியா இருக்காங்கன்னு ஆளைக் கையோட கூட்டிட்டே வந்துட்டீங்க. ஒரு பொண்ணு. செவ்வாய், வெள்ளி, காலைல பதினோரு மணிக்கு டான்னு போன் வரும். அம்மாவை மலைக் காத்துக்குக் கூட்டிட்டுப் போகணுமாம், அம்மாவுக்கு முட்டி வலியாம். படி எத்தனை சார், பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி இருக்கா சார், சாயங்காலம் பால்கனியில உக்காரலாமா சார்னு ஒவ்வொன்னா கேக்கும். நல்ல பொண்ணு. அவர் ஸ்பீக்கர்லதான் போடுவாரு. அவரை ஒருத்தர் சார் சார்ங்கறது எனக்கும் கேக்கணும்ல.

ஏன் நிறுத்திட்டீங்க? சாப்பிடுங்கம்மா. ஒன்றரை வரைக்கும் டைம் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னாரு.

போன் வர்றதுக்குக் கால் மணி முன்னாடி தலை சீவிக்குவாரு. போன்ல பேசறதுக்கு எதுக்குய்யா தலை சீவற, சீவறதுக்குத்தான் அங்க என்ன இருக்குன்னு கேட்டேன். அந்த ரூமை ஸ்கேல் வச்சு வரைஞ்சிருக்காரு. கட்டிலை எந்தப் பக்கம் தள்ளிப் போட்டா பாத்ரூமுக்கு ஆறே எட்டுல போகலாம்னு அம்புக்குறி போட்டு. எந்தக் குழாய் எதிர்ப்பக்கம் திருகும், எந்த ஜன்னல் கொக்கி விரலைக் கடிக்கும்னு தனிக் காகிதத்துல. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு அமுக்கச் சொல்லு, எண்ணிப் பத்து தடவைன்னு அந்தப் பொண்ணுக்குப் போன்லயே பயிற்சி வேற. எனக்கும்தான் முட்டி வலிக்குது. ஒரு துண்டு வரல.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி, நான்தான் சிரிச்சேன்.

உண்மையைச் சொன்னா அவர் ரிடயர் ஆகி நாலு வருஷத்துல அவரை யாரும் எதையும் கேட்டதில்ல. பொண்ணு போன் பண்ணா அம்மாகிட்டக் குடுங்கம்பா. நானும், மளிகை லிஸ்ட் சரியா இருக்கான்னு கூட அவர்கிட்டக் காட்டறதில்ல. அந்தப் பொண்ணுதான் கேட்டுச்சு. ஆறு வாரமா கேட்டுச்சு.

போன வாரம் பேச்சு மெதுவா வரிக்கு வந்துச்சு. பேர் மாத்தறதுக்கு வரியாம், முன்கூட்டியே நாங்க கட்டணுமாம், பத்திரம் முடிஞ்சதும் திரும்பி வந்துடுமாம். அவர்கிட்ட இருக்கிறது கண் ஆபரேஷனுக்கு எடுத்து வச்சதுதான். கண்புரைம்மா. வலது கண்ணு ஏறக்குறைய போயிடுச்சு, இனிமே தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்லன்னுட்டாரு டாக்டர். இவர் என்னடான்னா, வரியைக் கட்டிடுவோம், வித்த பணத்துல ரெண்டு கண்ணையும் பாத்துக்கலாம்ங்கறாரு. உங்க ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சாரு. பொடி எழுத்து தெரியல. பொடி எழுத்துல என்ன பெருசா இருக்கப் போகுதுன்னுட்டாரு. பொடி எழுத்தைப் படிச்சே பொழைச்ச மனுஷன் பேசற பேச்சா அது?

நான் சொல்லாம இருப்பேனா? சண்டையே போட்டேன். உனக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே இல்லங்கறாரு. அந்தப் பொண்ணு பொய் சொல்லாதுங்கறாரு. அம்மாவோட முட்டி வலியைப் பத்தி யாராவது பொய் சொல்லுவாங்களான்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு. இன்னிக்கு மூணு மணிக்கு பேங்குக்குப் போய்க் கட்டிடுவாரு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப் பாரத்தை என்கிட்டக் குடுத்து, நீ போய் ஆபீஸ்ல சேத்துடுன்னு அனுப்பினாரு. அதுக்குத்தான் வந்தேன்.

வந்து உக்காந்தா, மீன் தொட்டிக்குப் பின்னாடி ஒரு பலகைத் தடுப்பு இருக்கு பாருங்க. அது மேல கூரை வரைக்கும் போகல. கொஞ்சம் செலவு பண்ணி முழுசா அடைச்சிருக்கலாம் உங்க மேனேஜர். பதினோரு மணிக்குக் கேட்டுச்சு. படி எத்தனை சார், எங்கம்மாவுக்கு முட்டி வலி சார். வேற ஏதோ ஒரு சார். பதினொன்னு இருபதுக்கு இன்னொரு சார். அப்புறம் ஒரு மேடம். குரலை ஆறு வாரமா எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையில கேக்கறேன், எனக்கா தெரியாது? சாப்பாட்டு நேரத்துல நீங்க டப்பாவோட அந்தத் தடுப்பை விட்டு வெளிய வர்ற வரைக்கும் உக்காந்திருந்து, உங்க பின்னாடியே படி இறங்கி வந்தேன்.

உக்காரு. எங்க எந்திரிக்கற? இனிமே நீன்னுதான் சொல்லப் போறேன், அவ்வளவு பழகியாச்சு. நான் கத்த மாட்டேன். கத்தணும்னா மேலயே கத்தியிருப்பேன்.

என்ன? கொஞ்சம் சத்தமாச் சொல்லு. நிஜமாவே உங்கம்மாவுக்கு முட்டி வலியா? துண்டு வச்சு அமுக்கறாங்களா? சரி, நம்பறேன். நம்பறதுக்கு எனக்கு ஒன்னும் செலவில்ல.

இப்ப கேளு. அவரை இங்க கூட்டிட்டு வந்து அந்தத் தடுப்புக்குப் பக்கத்துல உக்கார வச்சா நிமிஷத்துல விஷயம் முடிஞ்சுடும். ஆனா அதோட அவரும் முடிஞ்சுடுவாரு. முதல் ரெண்டு பேர்கிட்ட ஏமாந்ததையே இன்னும் நஷ்டம்னுதான் சொல்லிட்டிருக்காரு, ஏமாந்தேன்னு ஒரு தடவை கூட வாயால சொன்னதில்ல. வாங்க வந்தவங்க வேணாம்னுட்டாங்கன்னா அவரால தாங்க முடியும். வாங்க யாருமே வரலன்னா தாங்க மாட்டாரு. எனக்கு அந்த மனுஷனும் வேணும், அவர் கண்ணும் வேணும். பேராசைதான், என்ன பண்றது.

அதனால நீ இப்ப அவருக்குப் போன் பண்ணு. உன் போன்லருந்துதான், உன் நம்பர்தான் அவருக்குத் தெரியும். வேற இடம் கிடைச்சுடுச்சு சார், மன்னிச்சுக்குங்க, வரி எதுவும் கட்டாதீங்க, யார் கேட்டாலும் கட்டாதீங்கன்னு சொல்லு. அம்மா செத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லிடாத. துக்கம் விசாரிக்கக் கிளம்பிடுவாரு.

மேனேஜர் திட்டுவாரா? திட்டட்டும். எங்க வீட்ல நான் திட்டு வாங்கல?

போடு. என்ன யோசிக்கற, தினம் பண்ற வேலைதானே. ஸ்பீக்கர்ல போடாத. எனக்குக் கேக்க வேணாம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

ம்.

முடிஞ்சுதா? என்ன சொன்னாரு? பரவாயில்லன்னாரா. புது இடத்துல படி எத்தனைன்னு கேட்டாரா? கேப்பாரு. என்ன சொன்ன? படியே இல்லைன்னியா. நல்ல வேளை, இல்லன்னா அதுக்கும் படம் வரைய உக்காந்திருப்பாரு. பேங்குக்குப் போகலைன்னு அவர் வாயாலயே சொன்னாரா? சரி. சரிம்மா.

இரு, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு. ஒன்னுமில்ல, காலைலருந்து ஒரு வாய் கூடக் குடிக்கல. நீ ஏன் கண்ணைத் துடைக்கற? ஏமாந்தது நாங்க.

டப்பாவை மூடிக்க. மேல போகாத. பையை அப்புறம் எடுத்துக்கலாம். காலைல வெயிட்டிங் ரூம்ல என்னோட ஆறு பேர் இருந்தாங்க. அதுல நாலு பேருக்கு உங்கம்மா முட்டியைப் பத்தி நல்லாத் தெரியும். நாற்காலியைத் தடுப்புக்குப் பக்கத்துல நகத்திப் போட்டு ஒவ்வொருத்தரையா உக்கார வச்சு கேக்க வச்சேன். அவங்கள்லாம் தாங்கிக்கிற ஆளுங்கதான், பாத்தாலே தெரிஞ்சுது. இந்நேரம் மேனேஜர் ரூம்ல இருப்பாங்க. ஒருத்தர் போலீஸுக்கும் சொல்லிட்டாரு. நீ இந்தப் பின் கேட் வழியாவே வீட்டுக்குப் போயிடு.