டிராக்டர் பூசை

பழைய எஞ்சினை மறுபடி ஓடவைக்கப் பொறுமை இருந்தால் போதும், இன்ஸ்பெக்டர். செந்தூல் ரயில் பட்டறையில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவன் நான். "இராமலிங்கம் கை வச்சா ஓடும்" என்று அங்கே சொல்வார்கள். அவசரப்பட்டு எதையும் நான் கெடுத்ததில்லை.

அந்தத் தோட்ட டிராக்டர் எங்கள் அப்பாவுடையது. எஸ்டேட் துரை பங்களாவில் அப்பா தோட்டக்காரர். துரை சீமைக்குக் கப்பலேறும்போது, புல் வெட்டுகிற அந்தச் சின்ன டிராக்டரை அப்பாவிடமே விட்டுப் போனார். எழுபத்தொன்றில் அப்பா காலமானதும், கிள்ளானில் எங்கள் மேட்டு வீட்டுக் கொட்டகையில் அதைத் தள்ளிக் கன்வாஸ் போட்டு மூடினோம். பத்து வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. கன்வாஸை விலக்கியவன் என் தங்கை புருஷன் பழனியப்பன்தான்.

"மச்சான், பட்டறைல இருந்தவர்லா நீங்க. ஆயுத பூசைக்குள்ள இதை ஓட வச்சிரலாம். மாமா மேலேருந்து பார்த்துச் சந்தோஷப்படுவாரு," என்றான்.

பழனியப்பன் தங்கமான மனுஷன். குடியில்லை, சூதில்லை, என் தங்கை புஷ்பவல்லியை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. ஆனால் அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். என்னை விட்டுவிட்டு இருவருமாகப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்தார்கள். அடுப்படியில் அவள் சிரிப்பது கேட்கும். நான் உள்ளே நுழைந்தால் நின்றுவிடும். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிப் பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவன் நான். அவளுக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டேன். அவள் அப்படி இருக்கச் சொல்லவில்லை, அதுவும் வாஸ்தவம்தான்.

வேலையை ஆரம்பித்தோம். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றித் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தினமும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தேன். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. சன்னக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தேன். டேங்க் முழுக்கத் துரு. அதற்குள் சின்னக் கற்களைப் போட்டு, நானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். அன்று நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

"ரெண்டு பேரும் குளிக்காம உள்ள வந்தீங்கன்னா சோறு கிடையாதுலா," என்றாள் புஷ்பா.

சோறு போட்டுக்கொண்டேதான் அதையும் சொன்னாள். "அண்ணே, அவருக்கு ஜோகூருக்கு மாத்தலாயிருச்சு. தீபாவளி முடிஞ்சதும் போறோம். நீங்களும் எங்ககூட வந்துருங்களேன்."

ஒரு பேச்சுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "நல்லபடியா போயிட்டு வாங்க," என்றேன். மோர் விட்டு இன்னொரு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். திருப்பி மாட்டும்போது, மிதியையும் பிரேக் கம்பியையும் இணைக்கிற சின்ன இரும்புப் பின்னைப் போடவில்லை. அது இல்லாவிட்டாலும் மிதி வழக்கம்போல இறங்கும். சக்கரத்துக்கு மட்டும் பிடி இருக்காது. மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். அது என் சட்டைப்பையில் இருந்தது.

எங்கள் வாசல் சரிவை நீங்களே பார்த்தீர்கள். இரண்டு பக்கமும் சுவர், கீழே துறைமுகத்து லோரிகள் ஓயாத ரோடு. பூசையன்று டிராக்டரைத் தள்ளிக்கொண்டுவந்து மேட்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். நானே ஓரமாக நின்று சூடம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கல்லை எடுத்துவிடுவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை தனியாகச் சரிவில் போவான். புஷ்பா அழுவாள், கொஞ்ச நாளில் தேறிவிடுவாள். பிறகு பழையபடி அண்ணனும் தங்கையும் இருப்போம். எல்லாம் அவள் நன்மைக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழனியப்பன் பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தான். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. அவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"மச்சான், தட்டை அவகிட்ட குடுங்க. புஷ்பா, முன்னால வந்து உன் கையால சூடம் காட்டும்மா. உன் கை ராசியான கை."

தட்டைக் கொடுத்தேன். அவள் வண்டிக்கு முன்னால், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் எலுமிச்சம்பழங்களோடு சக்கரத்தருகே குனிந்திருந்தேன்.

"கல்லை எடுங்க மச்சான். பிரேக்கை மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்," என்றான்.

கீழே நடந்ததை லோரிக்காரர் சொல்லியிருப்பார். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பழனியப்பன் சிராய்ப்போடு தப்பித்தான். இன்றுவரை அவனுக்குச் சோறு இறங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிதிச்சேன் மச்சான், சத்தியமா மிதிச்சேன், நானே அவளைக் கொன்னுட்டேனே," என்று அழுகிறான். அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் குனிந்திருந்ததால் தங்கை நின்றதைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். சூடத்தில் படாமலிருக்க முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டதைக்கூடப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். பயம் மட்டும்தான் காரணம் என்றால் அதுவும் பொய். இரண்டு பேரில் யார் போனாலும் புஷ்பா ஜோகூருக்குப் போகமாட்டாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகுதான் கல்லை எடுத்தேன்.