செகண்ட் ஓனர் ராமையா

பழைய கார் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, ரப்பரை. எஞ்சினுக்கு ஏதாவது வருத்தம் என்றால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். ரப்பர் வாயே திறக்காது. கதவோரத்து ரப்பரும் கூரை ரப்பரும் பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே உள்ளுக்குள் வெடித்துக் கிடக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். இது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை, சேர், தெரியும். ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். கொழும்பு கிராண்ட்பாஸில் ராமையாவின் வீட்டுச் சந்தில் காரை மூடியிருந்த படங்கை விலக்கிவிட்டு நான் முதலில் செய்த வேலை அதுதான். ரப்பர் மெத்தென்று இருந்தது. அந்த நிமிடமே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வெள்ளவத்தையில் காலி வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண் பரிசோதித்து, லென்ஸ் வெட்டி, ஃபிரேமில் போட்டுக் கொடுப்பதுவரை எல்லாம் நானே. மனைவி பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறாள். குடி, சிகரெட் கிடையாது. இருபது வயதிலிருந்து ஒரே ஒரு ஆசை: கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற, இரண்டே சீட் உள்ள ஒரு கார்.

ராமையாவிடம் இருந்தது தொண்ணூறாம் ஆண்டு மஸ்டா ரோட்ஸ்டர். சிவப்பு. நடுவில் ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் தகடு. அவர் முப்பது வருடம் ஒரு தேயிலைத் தரகரிடம் டிரைவராக இருந்தவர். அந்த மனிதர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, இத்தனை வருட உழைப்புக்கு இதை வைத்துக்கொள் என்று காரை ராமையாவின் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெற்றோல் போடவே வழியில்லாத மனிதருக்கு ஸ்போர்ட்ஸ் கார். ஐந்து வருடம் அது படங்குக்குக் கீழே தூங்கியது.

இங்கே கார் எப்படிக் கைமாறுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விற்கிறவர் பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுப்பார். வாங்குகிறவர் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். ஓபன் பேப்பர் என்போம். சட்டப்படி இரண்டு வாரத்துக்குள் நான் என் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். ஒரு வாரத்தில் மாற்றுவதாக ராமையாவுக்கு வாக்கும் கொடுத்தேன். மாற்றவில்லை. சோம்பல் இல்லை. கார்ப் பைத்தியங்களிடையே ஒரு பெருமை உண்டு, சேர். முப்பத்தைந்து வருடக் கார், பதிவுப் புத்தகத்தில் இரண்டே பெயர், செகண்ட் ஓனர் என்று சொல்லிப் பாருங்கள், கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் பெயரை எழுதினால் அது மூன்றாகிவிடும். என் பெயரே அந்தக் காருக்கு ஒரு கீறல் என்று எனக்குத் தோன்றியது.

இரத்மலானையில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து, எட்டு மாதம் தனியாகவே வேலை செய்தேன். யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் காட்டவில்லை. முழுதாக முடித்துவிட்டு ஒரு நாள் பழைய கார்க்காரர்கள் கூடுகிற இடத்தில் போய் இறங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடிந்ததும் ஞாயிறு விடியலில் மட்டும் வெளியே எடுத்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சீட் அவ்வளவு தாழ்வு, கையை நீட்டினால் ரோட்டைத் தொடலாம். கியர் கம்பு விரலளவு அசைந்தால் போதும். மரைன் டிரைவில் இடப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கடல், தலைக்கு மேல் ஒன்றுமில்லை. நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு, காலை ஆறு மணி தாண்டியிருக்கும். மூன்றாவது கியரில் எஞ்சினைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆறாயிரத்தைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரோட்டைப் பார்க்கவில்லை. இடியப்பக் கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வந்தார். அதுதான் றோஸி அம்மா. நிறுத்தாமல் ஓடிவிட்டான் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது பிழை. நிறுத்தினேன். நான்கு நிமிடம் அந்த இடத்தில் இருந்தேன். தூரத்தில் ஒரு முச்சக்கர வண்டி வருவது தெரிந்த பிறகுதான் புறப்பட்டேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த வண்டிக்காரர். சிவப்புக் கார், ஸ்ரீ நம்பர், கடைசி மூன்று இலக்கம் என்று சொன்னதும் அவர்தான்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். அதை மறைத்து என்ன பயன்? சோறு தொண்டையில் இறங்கவில்லை. கடைக் கதவு மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டை கண்டால் கால் தானாக உள்ளே போனது. நான் கெட்டவன் இல்லை, பயந்தவன். இந்த வித்தியாசத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. வந்தது ராமையா. ஓடி வந்திருக்க வேண்டும், சட்டை நனைந்திருந்தது.

"ஐயா, பொலிசு வீட்டுக்கு வந்திட்டுப் போனாங்க. காரு இன்னும் என் பேர்லதான் இருக்குன்றாங்க. நீங்க மாத்திட்டீங்கதானே?"

நான் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அந்த இடைவெளியில்தான் யோசித்தேன்.

"நான் அதைப் போன மாசமே வித்திட்டன், ராமையா. உங்கட பேப்பரோடயே குடுத்தனான்."

"யாருக்குங்க?"

"குருநாகல் பக்கத்து ஆள். பேர் கேட்டு வைக்கேல்ல."

யாருக்கும் இதில் ஆச்சரியம் வராது. ஓபன் பேப்பர் அப்படித்தான் கை மாறிக்கொண்டே போகும். அவரும் நம்பினார். பிறகு நான் சொன்னேன்: "இப்ப என்ர பேரையும் சொன்னீங்கள் எண்டால் ரெண்டு பேரும் மாட்டுவம். நான் வெளியில இருந்தாத்தான் அந்தாளைத் தேடலாம். கொஞ்ச நாளைக்கு என்ர பேரைச் சொல்லாதேங்கோ."

"நீங்க பயப்படாதீங்க ஐயா," என்றார் ராமையா. "ஒங்கள நா மாட்டி வுட மாட்டேன். அந்தாளக் கண்டுபுடிச்சிருங்க, போதும்."

அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். காரை வாங்கியவர் யாரென்று தெரியாது என்றே கடைசிவரை உங்களிடம் சொன்னார். தெரியாது என்றவரை நீங்கள் விளக்கமறியல் சிறையில் போட்டீர்கள்.

மூன்று வாரம் கழித்து அவருடைய மனைவி அங்கம்மா வந்தார். நீதிமன்றத்தில் அடையாள அணிவகுப்பு வைக்கப் போகிறார்களாம். அடிபட்ட அம்மா, ஓட்டியவனைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"அவுக கண்ணாடி அன்னைக்கே ஒடஞ்சி போச்சாம். கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாதாம். வீட்டுக்காரரு ஒங்ககிட்ட சொல்லி அனுப்புனாரு ஐயா. நீங்கதான் கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்களே, அந்தம்மாவுக்கு நல்ல கண்ணாடி ஒண்ணு போட்டுக் குடுத்தா, பாத்த ஒடனே இவரு இல்லன்னு சொல்லிருவாங்கல்ல?"

மறுத்திருக்கலாமே என்கிறீர்கள். மறுத்திருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். வேறு கடையில் சரியான கண்ணாடி கிடைத்திருக்கும். சரியான கண்ணாடியோடு அந்த அம்மா ராமையாவைப் பார்த்து இல்லை என்று சொன்னால், அடுத்து நீங்கள் யாரைத் தேடுவீர்கள்? கூட்டி வாருங்கள் என்றேன்.

அங்கம்மா போய்ச் சொன்னதில், றோஸி அம்மாவை அவருடைய மகள் துஷாந்தினி முச்சக்கர வண்டியில் கூட்டி வந்தாள். கக்கத்தில் ஊன்றுகோல், நெற்றியில் தையல் போட்ட தழும்பு. நான் முகக்கவசம் போட்டுக்கொண்டேன். இப்போதும் சிலர் போடுகிறார்கள்தானே, யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பரிசோதித்தேன். மைனஸ் ஐந்து. அதாவது கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு சாண் தூரம்வரை தெளிவாகத் தெரியும், அதற்கு மேல் எல்லாம் கலங்கல். கார்டில் மைனஸ் ஐந்து என்று எழுதினேன். லென்ஸை இரண்டரையில் வெட்டினேன். முப்பது வருடத் தொழிலில் நான் வேண்டுமென்று பிழையாக வெட்டிய முதல் லென்ஸ் அது. இரண்டரையில் ஆள் நிற்பது தெரியும். யாருடைய முகம் என்று தெரியாது.

"முந்தின கண்ணாடி மாதிரி இல்லீங்களே," என்றார் அவர்.

"புதுசு பழகப் பத்து நாள் எடுக்கும்," என்றேன். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். பணம் வாங்கவில்லை. துஷாந்தினி இரண்டு தரம் நன்றி சொன்னாள்.

அணிவகுப்பில் ஒன்பது பேரை நிறுத்தினீர்கள். எனக்கும் ராமையாவுக்கும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நரை. அவர் நம்பிக்கையில் தப்புச் செய்துவிட்டார். அந்த அம்மாவைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாராம். கலங்கலாகத் தெரிந்த ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் கும்பிடுகிறார். மன்னிப்புக் கேட்கிறார் என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். அவரைத்தான் தொட்டுக் காட்டினார். இதை அங்கம்மாதான் கடைக்கு வந்து சொன்னார். அழவில்லை. குருநாகல் ஆளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜுக்குப் போய், கதவைப் பூட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பேன். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவேன். ஓட்டத்தான் முடியவில்லை. ராமையா உள்ளே இருப்பதைப் பற்றி யோசித்தேனா என்று கேட்டீர்கள். யோசித்தேன். அவருக்கு என்ன, செய்யாத குற்றம், மனம் சுத்தம். நித்திரை வரும். எனக்கு அப்படியா?

போன புதன்கிழமை துஷாந்தினி தொலைபேசியில் அழைத்தாள். அம்மாவுக்குத் தீராத தலையிடி, திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறேன் என்றாள். பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே லென்ஸை இயந்திரத்தில் வைத்தால் இரண்டரை என்று காட்டும். அவர்களிடம் இருக்கும் கார்டில் என் கையெழுத்தில் ஐந்து என்று இருக்கும். ஆஸ்பத்திரி எதற்கு, கூட்டி வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறேன் என்றேன். சரியான லென்ஸை வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் வந்த அன்று ஏன் முகக்கவசம் போடவில்லை என்றுதானே மூன்று தரம் கேட்டீர்கள்? மறந்துவிட்டேன், சேர். டொக்டருக்குப் பயந்த பயத்தில் அந்த அம்மாவுக்குப் பயப்பட மறந்துவிட்டேன்.

ஃபிரேமைக் காதில் சரியாக மாட்டுவதற்கு நாங்கள் குனிய வேண்டும். முகத்துக்கு முகம் ஒரு சாண்தான் இருக்கும். மாட்டிவிட்டு, எப்படி என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். வெறுங்கண்ணால் அதே ஒரு சாண் தூரத்தில் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, மகளுக்கும் கேட்கும்படி, சாதாரணக் குரலில் கேட்டார்:

"அன்னைக்கு ரோட்டுல குனிஞ்சு பொறுக்கினீங்களே, எல்லாத் துண்டும் கெடச்சிச்சா?"

அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறார்கள். நல்லது. ராமையாவை விட்டுவிடுங்கள். ஓட்டியது நான். பொய் சொன்னது நான். லென்ஸைப் பிழையாக வெட்டியதும் நான்தான்.

அந்த நான்கு நிமிடம் என்ன செய்தேன் என்று இப்போது கேட்கிறீர்கள். முன் இண்டிகேட்டரின் செம்மஞ்சள் மூடி உடைந்துவிட்டது. ஒரிஜினல். பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தாலும் இன்னொன்று கிடைக்காது. துண்டுகள் இருந்தால் ஒட்டிவிடலாம், ஒன்று குறைந்தாலும் முடியாது. நான்காக உடைந்திருந்தது. மூன்று துண்டுகள் இடியப்பங்களுக்கு நடுவே கிடந்தன, உடனே எடுத்துவிட்டேன். நான்காவதைத் தேடத்தான் நேரம் போனது. அது அந்த அம்மாவின் கன்னத்துக்குக் கீழே இருந்தது. அவருக்கு நினைவு இருந்தது, கண் திறந்திருந்தது, தண்ணீர் என்று ஏதோ சொன்னார். நான் இடது கையால் அவருடைய தலையைத் தூக்கி, துண்டை எடுத்துக்கொண்டு, தலையைத் திரும்ப ரோட்டில் வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன், சேர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.