ஓயாமல் அசைந்த உதடுகள்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, நேரம் போகிறதே என்ற கவலையை நெற்றியில் காட்டாமல் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று கொஞ்சம் கைதட்டலை மிச்சம் வைத்த சான்றோர்களே, தொலைந்த சொல்லைத் தேடி இந்த மருத்துவமனையின் படியேறி வரும் என் தோழர்களே, அவர்கள் ஒரு சொல் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நிற்கும் அன்பர்களே, உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன். வலக்கை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பேசிப் பிழைத்தவன். திருமண வரவேற்பா, திறப்பு விழாவா, பள்ளி விழாவா, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் குரல் கொடுத்தவன். சென்ற ஆண்டு ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது. அதைவிடக் கொடுமை, வாய் விழுந்தது. தண்ணீர் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்று நாக்குக்குத் தெரியாது. பேச்சே பிழைப்பாக, பேச்சே பெருமையாக, பேச்சே பொழுதாக வாழ்ந்தவனுக்குப் பேச்சு போனால் என்ன மிஞ்சும்? மனைவியைக் கூப்பிடக்கூட முடியாத ஓர் உடம்பு மிஞ்சும். அழுதேன் ஐயா. இத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

இங்கே பேச்சுப் பயிற்சி தருகிறாரே, அதோ, நான் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறாரே, அந்த அம்மையார்தான் வழி சொன்னார். "காதால கேட்டுச் சொல்லப் பாக்காதீங்க சார். கேட்டா பதறிடுறீங்க. வாய் எப்படி அசையுதுன்னு மட்டும் பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க." நல்ல யோசனைதான். ஆனால் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனால், நாள் முழுக்க எனக்கு வாயைக் காட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

என் மருமகள் ஒரு செருப்புக் கடையின் இணையதளத்துக்குப் படம் செய்து கொடுப்பவள். செருப்பைச் சுழலவிட்டு வீடியோ எடுப்பாள். அதில் சில நொடிகளை மட்டும் வெட்டி எடுப்பாள். சத்தத்தை நீக்குவாள், முடிவைத் தொடக்கத்தோடு ஒட்டுவாள். பிறகு அந்தச் செருப்பு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜிஃப் என்கிறார்கள். காலையில் எழுந்ததும் வாட்ஸப்பில் ஒரு பூ வருகிறதே, விரிந்து விரிந்து முடிவதே இல்லையே, அதேதான். முன்வரிசையில் ஓர் அம்மா சிரிக்கிறார். அனுப்புகிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"மாமா, வீடியோன்னா ஒவ்வொரு தடவையும் தட்டணும். உங்க கை வராது. இது தானா ஓடும், நீங்க சும்மா பாத்தா போதும்" என்றாள். யாருடைய வாயை எடுப்பது? என் பழைய மேடைப் பதிவுகளையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன மாமா, எல்லாத்துலயும் மைக்கைக் கடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க. வாயே தெரியல." வாயால் வாழ்ந்தவனுக்கு வாய் தெரியும்படி ஒரு பதிவுகூட இல்லை.

அப்படித்தான் என் மனைவி வந்தாள். "என் வாயா? இத்தனை வருஷம் அவர் பேசினாரு, நான் கேட்டேன். இப்ப நான் பேசணுமாக்கும்" என்று அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொண்டே போய்ப் புடவையும் மாற்றிக்கொண்டு வந்தாள். "வாய் மட்டும்தான் அத்தை தெரியும்" என்றாள் மருமகள். "தெரியலன்னா என்ன, எடுக்கிறது நம்மளத்தானே" என்றாள் இவள்.

முதலில் 'வா' என்ற சொல்லைச் செய்தாள் மருமகள். செருப்புக்கு வெட்டிய பழக்கத்தில் இதையும் வெட்டிவிட்டாள். செருப்புக்கு ஏது தொடக்கம், ஏது முடிவு? திறந்த வாய் மூடாமலே மறுபடி திறக்கிறது. நானும் பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் தொண்டையிலிருந்து வந்ததய்யா சத்தம். வாவாவாவா என்று வந்தது, நிற்கவே இல்லை. படம் நிற்கவில்லையே, நான் எப்படி நிற்பேன்? சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள், மாடியிலிருந்து மகன் ஓடி வந்தான், பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "கூப்பிட்டீங்களா?" என்றார்.

அன்றைக்கே மருமகள் எல்லாவற்றையும் திருத்தினாள். சொல்லுக்கு முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் மூடிய உதடுகளைச் சேர்த்தாள். "இப்பதான் மாமா இது பேச்சு" என்றாள். உண்மைதானே அவையோரே? மூடத் தெரிந்த வாய்தானே பேசத் தெரிந்த வாய்? தலைவர் அம்மையார் தலையாட்டுகிறார். எதற்கு ஆட்டுகிறார் என்று எனக்குப் புரிகிறது, முடித்துவிடுகிறேன்.

அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்த கைப்பேசியும் நானும்தான். நான் தவறினால் அந்த உதடுகள் கோபித்ததில்லை, நான் திணறினால் பெருமூச்சு விட்டதில்லை, நான் தூங்கிப்போனாலும் அவை தம் வேலையை நிறுத்தியதில்லை. பார்க்கப் பார்க்க ஒன்று கண்டேன். அவள் கீழுதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. பேச்சு கொஞ்சம் திரும்பியதும், "இது என்ன?" என்று கேட்டேன். "ஸ்கூல் படிக்கிறப்ப சைக்கிள்ல விழுந்தது. கல்யாணமான புதுசுலயே சொன்னேன், நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க" என்றாள்.

பக்கவாதத்துக்குப் பிறகு நான் ஏறும் முதல் மேடை இது. மருத்துவர் அம்மையாரை வணங்குகிறேன். பயிற்சி தந்த அம்மையாரை வாழ்த்துகிறேன். மருமகளை என் மகள் என்று மார்தட்டிச் சொல்கிறேன். முதல் வரிசையில் இருக்கும் என் மனைவிக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்... அது... இதோ...

பொறுங்கள். பின்னாலிருந்து யாரோ எடுத்துக் கொடுக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. காதில் விழுகிறது, நாக்குக்குப் போகவில்லை. கை தட்டாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கை மட்டும் கொஞ்சம் அவள் முகத்துப் பக்கம் திருப்புங்கள்.

ஏம்மா, இங்க பாரு. வாயிலேருந்து அந்த முந்தானையை எடு. நீ வாயை மூடிக்கிட்டு அழுதா உதடு எனக்கு எப்படித் தெரியும்? உனக்குச் சொல்ல வேண்டியதையும் நீயேதான் சொல்லித் தரணும். வெக்கப்படாத, எல்லாரும் நம்ம ஆளுங்கதான். ம், அப்படித்தான். இன்னொரு தடவை. மெதுவா.

நன்... நன்றி.

நன்றிம்மா. அவையோருக்கு என் வணக்கம்.