நான்காம் டவர் வாசலில் ஏழு மொட்டைகள்

திருப்பதிக்கு வெளியே எழும்பியிருக்கும் எங்கள் புது பிசினஸ் டிஸ்ட்ரிக்டில் எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். நின்று டீ குடிக்க மட்டும் இடமில்லை. கார் நிறுத்தும் தளத்தில் தூணுக்குப் பின்னால்தான் குடிப்போம். விசாரணைக் குழு கேட்பதால் சொல்கிறேன், இந்த மொட்டைப் பேச்சு தொடங்கியது அங்கேதான்.

நான் பத்மினி. நகரியில் பவர்லூம் ஓட்டிய குடும்பம். நான்காம் டவரில் ஆறு வருடமாகத் துப்புரவு சூப்பர்வைசர். டவர் மேனேஜர் வேலை காலியானது. எனக்கு அது வேண்டும், ரொம்பவே வேண்டும். செக்யூரிட்டி ஆபீசர் கிரண்குமாருக்கும் வேண்டும். நல்ல பிள்ளை. சுருட்டை முடி, முறுக்கு மீசை, அடர்ந்த தாடி.

“உன் பேர்ல மலைக்கு வேண்டிக்கினேன் கிரணு. இண்டர்வியூக்கு முந்தின நாள் மொட்டை போட்டுக்கினு வந்துடு.”

“இன்னாக்கா இது, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?”

“சாமிகிட்ட சொல்லிட்டேன். இனிமே உன் இஷ்டம்.”

எங்கள் பக்கம் ஒருவர் தலைக்கு இன்னொருவர் வேண்டிக்கொள்வது சகஜம். வேண்டியது யாராக இருந்தாலும், மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது. கிரண்குமார் மலையேறினான். தலை, தாடி, மீசை மூன்றும் போயின.

மறுநாள் காலை இண்டர்வியூக்கு வந்தபோது, முகம் பார்த்துத் திறக்கும் வாசல் கேட் அவனுக்குத் திறக்கவில்லை. மூன்று முறை முகம் பொருந்தாவிட்டால் அன்று முழுக்க உள்ளே வர முடியாது. அந்த விதியைப் போட்டவனே அவன்தான். போன புரட்டாசியில் மொட்டையோடு வந்த லிஃப்ட் மெக்கானிக்கையும் கேட் இப்படித்தான் நிறுத்தியது. எனக்கு அது நன்றாக நினைவிருந்தது.

கிரண்குமாருக்குப் பின்னால் ஸ்டோர்ஸ் வேதாச்சலம் நின்றிருந்தார். அவரும் மொட்டை. அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து மொட்டைகள். வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் இருந்தேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. புது மொட்டை வெயிலில் சுடுமே என்று ஏழு குடை கொடுத்தனுப்பினேன்.

சாமியிடம் சரியாக என்ன வேண்டினாய் என்று கேட்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு இந்த வேலை கிடைத்தால் ஏழு பேரும் முடி கொடுப்பார்கள் என்று வேண்டினேன். வேலை தங்களுக்குத்தான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

இதைச் சுயநலம் என்கிறார்கள். சுயநலக்காரியாக இருந்தால் என் முடியைக் கொடுத்து, அந்தப் புண்ணியத்தையும் நானே அல்லவா எடுத்துக்கொண்டிருப்பேன்?