மச்சக்காரனுக்குக் காவல்

— திருப்பிப் போடுன்னுதான் சொன்னேன் மெலித்தோன், தடவிக் குடுக்கச் சொல்லலை. ஒவ்வொரு மீனா எடுத்து முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தா வெயில் இறங்கிரும்.

— கை ஓட மாட்டேங்குது கும்பாரே.

— எப்படி ஓடும்? பெத்த மகன் பாங்காக்குல நாட்டுக்காக இறுதி ஆட்டம் ஆடுறான். ஊரே கூடைப்பந்துக் கோர்ட்டுல பெரிய திரை கட்டிப் பாக்குது. அப்பன்காரன் நீ கடற்கரையில எங்கூட உக்காந்து கருவாடு திருப்புற. எழுந்து போயேன்டா.

— உன்னை விட்டுட்டுப் போனா ஊர்க் கேப்டன் என்னைச் சும்மா விடமாட்டார். டென்சியோ திரைப் பக்கம் தலை காட்டாமப் பாத்துக்கிறது உன் பொறுப்புன்னு காலையிலகூடச் சொல்லி அனுப்பினார்.

— ஊரை ஆள ஓட்டுப் போட்டா அவன் என் குண்டியை ஆளுறான். அதுல ஒரு பிறவி மச்சம் இருந்தா, நான் இங்க ஆட்டம் பாக்குறப்ப அங்க பந்து கூடைக்குள்ள விழாதாம். எவன் போய் சோதிச்சான் அதை?

— சோதிக்கவே வேண்டாம். குண்டியில மச்சம் இருக்கிறவன் பாத்தா அவன் கட்சி தோக்கும். அது இந்த நாட்டுல பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால மணிலாவுல, நம்ம மண்ணுல நடந்த ஆட்டத்துல என்ன ஆச்சு?

— என்ன ஆச்சு, உன் மகன் ஜோவனுக்குக் கடைசி நேரத்துல ரெண்டு ஃப்ரீ த்ரோ கிடைச்சுது, தடுக்க ஆளில்லாத அந்த ரெண்டையும் விட்டான். ஒரு புள்ளியில தாய்லாந்துக்காரன் கோப்பையைத் தூக்கிட்டுப் போனான். அந்த ரெஃபரி மேலயும் எனக்குச் சந்தேகம் உண்டு. முழியே சரியில்லை.

— பிள்ளை தினம் முந்நூறு பந்து போட்டுப் பழகினவன். அவன் விடுவானா? இங்கேயிருந்து எதுவோ போய்த் தடுத்திருக்கு.

— எதுவோ என்ன எதுவோ. நான்தான்னு சொல்லேன்.

— நான் அப்படிச் சொல்லலையே கும்பாரே.

— நீ சொல்லலை, ஊரு சொல்லுச்சு. மறுநாள் கோர்ட்டுல கூட்டம் போட்டு, இங்க யாருக்கு மச்சம் இருக்குன்னு கேட்டானுங்க. எனக்குத்தான்னு எழுந்து நின்னேன். அன்னையிலேர்ந்து ஆட்டம்னா எனக்குக் கருவாட்டுப் பந்தல். பங்குச் சாமியார் கூட, இதெல்லாம் மூடநம்பிக்கை டென்சியோன்னு தோளைத் தட்டினாரு. தட்டிட்டு, எதுக்கும் இன்னைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம்னாரு.

— மாதாவே. கேட்டியா சத்தத்தை? நம்மாளு போட்டுட்டான் போல.

— இது போட்ட சத்தம் இல்லை. போட்டா பொம்பளைங்க குரல் மேல நிக்கும். இது ரெஃபரியைத் திட்டுற சத்தம். ரெண்டு வருஷமா காதாலயே ஆட்டம் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?

— எத்தனை நிமிஷம் இருக்கும்?

— கடைசிக் கால் ஆட்டம் தொடங்கி ரொம்ப நேரம் ஆச்சு. நான் உன் மகனுக்கு ஞானத்தகப்பன், அதனாலதானே என்னைக் கும்பாரேங்கிற. ஞானஸ்நானத் தண்ணி ஊத்தினப்ப அவனை ஏந்தினது இந்தக் கை. அந்த உரிமையில சொல்றேன், போ. நீ போனதும் நான் பின்னால ஓடி வந்துருவேன்னு பயமா? வேணும்னா என்னை அந்தப் பந்தல் காலோட கட்டிப் போட்டுட்டுப் போ.

— வேண்டாம். நான் இங்கயே இருக்கேன்.

— போன வருஷம் முழுக்க அவனை அணியிலயே சேர்க்கலை. ஊர்ப் பசங்க அவனைப் பாத்தா ரெண்டு விரலைக் காட்டிச் சிரிச்சானுங்க. அப்பவும் அவன் விடியிறதுக்கு முன்னால கோர்ட்டுக்குப் போனான். நான் படகுக்குப் போறப்ப பாப்பேன். ஒருத்தனா நின்னு போடுவான், அவனே ஓடிப்போய்ப் பந்தை எடுப்பான், மறுபடி வந்து நிப்பான். அதைக்கூட நீ ஒருநாளும் வந்து பாக்கலை.

— பாக்கலை.

— ஏன்டா?

— மீன் கருகுது கும்பாரே. அந்த வரிசையைத் திருப்பு.

— கருவாடு எங்கேயாவது கருகுமா? உன்கிட்ட ஏதோ இருக்கு. நான் யாரையும் நம்புறவன் இல்லை, உன்னையும் சேத்துத்தான்.

— அந்தா, பிலார் ஓடி வருது. என்னமோ ஆயிருச்சு.

— என் பொண்டாட்டி இந்த வயசுல ஓடி இன்னைக்குத்தான் பாக்குறேன். ஏய் பிலார், மெல்ல வா, பந்தலைத் தள்ளிராத.

— மெலித்தோன் கும்பாரே, எழுந்திருங்க. ஒரு புள்ளி பின்னால இருக்கோம். மூணு விநாடிதான் பாக்கி. ஜோவனை அடிச்சுத் தள்ளிட்டானுங்க. ரெண்டு ஃப்ரீ த்ரோ. அவனேதான் போடணும். இப்ப டைம் அவுட் விட்டிருக்கானுங்க, ஓடினாப் பாத்துரலாம்.

— அதே ரெண்டு பந்தா?

— அதே ரெண்டு பந்துதான். அவன் அம்மா அங்க திரைக்கு முன்னால முட்டி போட்டுட்டா. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லி அழறா. எழுந்திருங்கன்னா.

— நான் வரலைம்மா.

— என்ன பேச்சு இது? என் புருசனுக்குக் காவலா? அவரு எங்கயும் போகமாட்டாரு, நான் இருக்கேன். நாப்பத்தியொரு வருஷமா இந்த மனுசனோட குடித்தனம் பண்றேன். மச்சத்தைப் பத்தி நான் வாயைத் திறந்தா...

— நீ திறக்காத பிலார். சும்மா இரு.

— நான் என்ன சொல்லப் போறேன். நீங்க பாத்துப் பேசுங்க.

— மெலித்தோன், இங்க பாரு. அவன் லைன்ல நிக்கிறான். போடுறானோ விடுறானோ, அப்பன் பாத்துக்கிட்டிருக்கணும். கோப்பை நாளைக்கும் வரும். இது வராது. போடா.

— அவன் போடணும் கும்பாரே. நான் பாக்கணுங்கிறது முக்கியம் இல்லை. அவன் போடணும்.

— இவனுக்குப் புரியவைக்க முடியாது. சரி, பேசாத. டைம் அவுட் முடிஞ்சிருச்சு, அங்க சத்தம் அடங்குது.

— ஒண்ணுமே கேக்கலையே.

— ஊரே மூச்சைப் பிடிச்சிருக்கு. காதைப் பொத்தாத, கையை எடு.

— மாதாவே, மாதாவே.

— அதோ. கேட்டியா? பொம்பளைங்க குரல் மேல நிக்குது. ஒண்ணு உள்ள. சமம் ஆச்சு.

— நிஜமாவா? ரெஃபரியைத் திட்டுறாங்களோ என்னமோ.

— சந்தேகப்படுறது என் வேலை, நீ அதைப் பறிக்காத. பிலார், அவன் கையைப் பிடிச்சுக்க, கருவாட்டுத் தட்டைப் பிச்சுருவான்.

— புடிச்சிருக்கேங்க.

— ரெண்டாவது... கொஞ்சம் பொறு... உள்ள. அடே, உள்ளடா. கோயில் மணியை எவனோ இழுக்குறான்.

— இன்னும் மூணு விநாடி இருக்கே. தாய்லாந்துக்காரன் எறிவானே.

— எறியட்டும்.

— சங்கு ஊதிருச்சுங்க. முடிஞ்சுது.

— முடிஞ்சுதுதான். பட்டாசு வெடிக்கிறானுங்க. தோத்துட்டு எவனும் பட்டாசு வெடிக்கமாட்டான், அதை நானே நம்புறேன். ஜெயிச்சாச்சு மெலித்தோன். உன் மகன் ஜெயிச்சுக் குடுத்துட்டான்.

— போட்டுட்டானா கும்பாரே? ரெண்டையுமா?

— ரெண்டையும்தான். அழுதுக்க. மீன் மேல அழாத, உப்பு கூடிரும்.

— நான் அவன் அம்மாகிட்ட ஓடுறேன். கும்பாரே, ராத்திரி நம்ம வீட்டுல பான்சிட் நூடுல்ஸ் கிண்டுறேன், எல்லாரும் வரணும். ஏங்க, இவரைப் பாத்துக்கங்க. மயக்கம் போட்டுரப் போறாரு.

— போ போ. நான் பாத்துக்குறேன். பாத்தியா மெலித்தோன், இப்ப உனக்கு நான் காவல்.

— கும்பாரே, ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்னை அடிக்கலாம்.

— சொல்லு. அடிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம்.

— காவல் இருக்கச் சொல்லி கேப்டன் என்னைக் கேக்கலை. நானாப் போய்க் கேட்டு வாங்கினேன்.

— தெரியும்.

— அதில்லை. எனக்கும் இருக்கு கும்பாரே. மச்சம். இடது பக்கம், மாம்பழக் கொட்டை அளவு. அன்னைக்கு மணிலா ஆட்டத்தப்ப முன் வரிசையில உக்காந்திருந்தது நான். நீ பின்னால தூண்கிட்ட நின்ன. மறுநாள் கூட்டத்துல வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பெத்தவனே பிள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டான்னு சொல்லிருவாங்களேன்னு பயந்துட்டேன். அப்ப நீ எழுந்து உன்னோடதைச் சொல்லிட்ட. ரெண்டு பேருக்கும் இருக்கு, பேரு மட்டும் உனக்கு வந்துருச்சு. அன்னையிலேர்ந்து அவன் ஆட்டம் எதையும் நான் பாக்கலை. உனக்குக் காவல்னு சொல்லி என்னைத்தான் இங்க கட்டி வெச்சிருந்தேன்.

— முடிச்சிட்டியா?

— முடிச்சிட்டேன். திட்டு.

— எனக்கு ஏதுடா மச்சம்? நமக்கு எட்டு வயசுல அலைதடுப்புக் கல்லுலேர்ந்து அம்மணமாக் குதிச்சப்பவே உன்னோடதைப் பாத்துட்டேன். பெத்த மகன் ஆடுறதை நீ முன் வரிசையில உக்காந்து பாக்கட்டும்னுதான் அது என்னோடதுன்னு எழுந்து நின்னேன், பாவி.