துணைக்கு வந்தவருக்கு வேலை

பெருங்களத்தூர் மண்டபத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு மாநகராட்சி நடத்திய வேலைவாய்ப்பு முகாம். தம்பியின் டோக்கன் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் அதை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் ஒரு பெண், பக்கத்தில் அவள் கணவர்.

“போன தடவை வேலை உங்களுக்குத்தான் தர்றேன்னாங்க.”

“நான் சும்மா துணைக்குத்தானே வந்தேன், ஷமீம்!”

“துணைக்கு வந்தவரு எல்லாக் கேள்விக்கும் எதுக்குப் பதில் சொன்னீங்க?”

“படியில உன்னைத் தூக்கிட்டு வந்தேனா... அப்படியே உள்ள நின்னுட்டேன்.”

“இப்பதான் சாய்தளம் போட்டுட்டாங்களே. நானே போய்க்குவேன்.”

“தெரியாததக் கேட்டா?”

“தெரியாதுன்னு நானே சொல்லிக்கிறேன்.”

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியைத் தள்ளப் போன கையை அவர் இழுத்துக்கொண்டார். அவள் தனியாகச் சாய்தளத்தில் ஏறி, மேலே போனதும் திரும்பிப் பார்த்தாள்.

“எங்கயும் போயிடாதீங்க. வெளிய வந்ததும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்.”