கறுப்பு கிரீஸ்

மழைக்காலம் வந்துவிட்டால் வண்டி ஒயரிங் பார்க்கிறவனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. ஒயர்கள் சேரும் கப்ளருக்குள் தண்ணீர் இறங்கும், அதன் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும், வண்டி நடுவழியில் மக்கர் பண்ணும். வெள்ளை கிரீஸைத் தடவி மூடிவிட்டால் பல வருஷம் கவலை இல்லை. அது கரண்டைக் கடத்தாது. ஈரத்தை அண்டவிடாது, அவ்வளவுதான். உலோகத்தூள் கலந்த கறுப்பு கிரீஸ் வேறு. அது கடத்தும். பேட்டரி முனையில் தடவலாம். நாலைந்து பின் நெருக்கமாக நிற்கிற கப்ளரில் தடவினால், ஒன்றில் ஓட வேண்டிய கரண்ட் பக்கத்துப் பின்னுக்குத் தாவிவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் போலீஸ் அறிக்கையில் ‘தவறுதலாக’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது, ஐயா. எதிர்க்கடை மெக்கானிக் நெட்டையன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். இருபத்தெட்டு வருஷமாக இதே தொழில். எந்த டப்பாவில் விரலை விடுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அம்மா வெளியூருக்கு வேலைக்குப் போனாள், திரும்பவில்லை. அன்றிலிருந்து பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டவன் நான். காய்ச்சல் என்றால் விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் நான். ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். ஊருக்குள் சுற்றத்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இருபத்து மூன்று வயதில் அவளுக்கும் வெளியூர் வேலை ஆசை வந்தது. முதல் நேர்காணல் அன்று வண்டி கிளம்பவில்லை. இரண்டாவதுக்கும் அதே கதை. நெட்டையன் கடையில் காட்டிவிட்டு, வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள்.

“அப்பா, வண்டில கை வச்சீங்களா?”

“உன் வண்டில நான் கை வைக்காம வேற யாரும்மா வைப்பா?”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நேர்காணலை போனிலேயே முடித்துவிட்டாள். வேலை கிடைத்ததை என்னிடம் மூச்சுவிடவில்லை. அலமாரியில் துணி குறைந்ததை வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கப்ளரில் மட்டும் கறுப்பைக் கொஞ்சம் குறைவாகத் தடவினேன். வண்டி கிளம்பாவிட்டால் மறுபடி நெட்டையனிடம் போய்விடுவாளே. அதனால் கிளம்ப வேண்டும். சூடு ஏறியபின் நிற்க வேண்டும். மற்ற கப்ளர்களுக்கெல்லாம் வெள்ளைதான், நன்றாகப் பாருங்கள். திங்கட்கிழமை காலை பையை முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில்தான் நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மேம்பாலத்து ஏற்றத்தில் நின்றது. நான் நினைத்த இடத்துக்கு நூறு அடி தள்ளி. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரனை விட்டுவிடுங்கள், பாவம். அவன் பிரேக் பிடித்துத்தான் இருக்கிறான்.

இப்போது பாப்பா வீட்டில்தான் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை. தெரிந்தே செய்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொடுமைக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் அவளையே வந்து கேளுங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது வாருங்கள்; அவளுக்கு வாய் குழறுகிறது, அவள் என்ன சொல்கிறாள் என்று நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.